விலை வித்தியாசம் இல்லாமல் எல்லை தாண்டுபவை

எங்கள் ஊரில் ரோட்டைக் கடந்து போகிற, வருகிற எதற்கும் பின்னால் ஒரு விலை வித்தியாசம் இருக்கும். பாறசாலை தாண்டினால் இஞ்சிவிளை, இஞ்சிவிளை முடிந்தால் களியக்காவிளை. இடையில் எங்கோ கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால் இங்குள்ள பைக்குகள் அங்கே போய் டாங்க் நிரப்பும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்தியதிலிருந்து, அங்குள்ளவர்கள் சாயா குடிக்கிற சாக்கில் இங்கே வந்து கேரள லாட்டரி எடுப்பார்கள். அங்கே ரேஷனில் இலவசமாகப் போடும் அரிசி எந்த ஊடுவழியாக இங்கே வந்து சேர்கிறது என்பதையும், இங்குள்ள கோழிக் கழிவு ராத்திரியில் எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்பதையும் அடிக்கடி பத்திரிகையில் படிக்கிறோம். ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து பூ வருகிறது. எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கு இல்லாமல் இங்கே யாரும் ரோட்டைக் கடப்பதில்லை.

இந்த ஊரில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைப்பவன் நான். ரேஷன் கார்டு கேரளத்தில், தாய்மொழி தமிழ், அக்காவைக் கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டில். பகலில் பழுது பார்ப்பது பிழைப்பு. கடையைச் சாத்திய பிறகு மொட்டை மாடியில் கம்பிகளோடு உட்கார்ந்திருப்பேனே, அது பிழைப்பில் சேராது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் பக்கத்து ஆள், “இதுகொண்டு எந்தா குணம், சேட்டா?” என்பார். அந்தப் பக்கத்து ஆள், “இதுனால என்ன லாபம் அண்ணாச்சி?” என்பார். ரயில்வே ஸ்டேஷன் முதல் சந்தை வரை எல்லாவற்றிலும் வித்தியாசம் பார்க்கிற இரண்டு மாநிலத்தாரும் இந்த ஒரு கேள்வியில் ஒற்றுமை. லாபம் ஒன்றும் இல்லை என்பதுதான் என் பதில். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த லாபமின்மை மிகவும் தேவைப்படுகிறது என்பது என் கட்சி.

முதலில் ரேடியோ. நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸ். 1984-ல் தொடங்கியது, அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. திருவனந்தபுரத்தின் அனந்தபுரி எஃப்.எம். 101.9. இரண்டுக்கும் இடையில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை. பழைய டயல் செட்டில் அது முள் ஒரு நூல் நகர்கிற தூரம். நகர்ந்தால் மொழி மாறும், செய்தி மாறும், மழைக்குக்கூட வேறு மாவட்டத்துப் பெயர் வரும். மலிவான பாக்கெட் ரேடியோக்களுக்கு இவ்வளவு நெருக்கத்தைப் பிரித்தறிகிற திராணி கிடையாது. பலமாக வருகிற நிலையம் பக்கத்தில் உள்ளதை மூழ்கடித்துவிடும். ஆகவே எங்கள் பகுதியில் ஒரே ரேடியோ வீட்டின் கிழக்கு அறையில் தமிழும் மேற்கு அறையில் மலையாளமும் பேசும். “செட்டு கேடாயிப்போச்சு” என்று கொண்டுவருவார்கள். கேடு ஒன்றும் இருக்காது. மேசையில் வைத்துக் கொஞ்சம் திருப்பிக் காட்டிவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பினால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மீடியம் வேவ் இன்னும் விசேஷம். திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ். இருட்டிய பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் கடலைத் தாண்டி வரும். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் ராஜேஸ்வரி சண்முகத்தையும் எங்கள் அப்பா வயதுக்காரர்கள் சொந்தக்காரர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசினார்கள். ரசிகர் மன்றம் என்றால் சினிமாக்காரருக்குத்தான் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பாளர்களுக்கு இருந்த ரசிகர் கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வாங்க வேண்டியிருந்த காலம் அது. 1980-களில்தான் அது ஒழிந்தது. 1982-ல் ரூபவாஹினி வந்தபோது கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கத்து மெக்கானிக்குகள் இரும்புக் குழாயில் ஆன்டெனாவை உயர்த்தி, தெற்கும் கிழக்குமாகத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார்கள். அந்தச் சிங்கள நிகழ்ச்சிகள் யாருக்கும் புரிந்திருக்காது. வந்தது என்பதே போதுமாக இருந்தது.

புரியாததைப் பிடித்துவிட்டுப் பூரித்துப் போகும் அந்தப் புத்தியைத்தான் பொழுதுபோக்கு என்கிறேன்.

செல்போன் வந்து இந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச காலம் கெடுத்தது. ரோமிங் கட்டணம் இருந்த நாள்களில், எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றால் தமிழ்நாட்டு டவர், திண்ணைக்கு வந்தால் கேரள டவர். அடுக்களையில் வந்த அழைப்பை எடுத்தால் காசு போகும். ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட போனில் செட்டிங்ஸுக்குள் நுழைந்து நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கேரளத்தில் கம்ப்யூட்டர் அறிவு பரவியதைப் பற்றிப் பேசுகிற கருத்தரங்குகளில் இந்தப் பாட்டிமாரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதுவும் காசுக்காகக் கற்றதே. கட்டணம் ஒழிந்ததும் அந்த வித்தையும் மறந்துபோயிற்று. காசுக்காகக் கற்றதற்கு அதுதான் ஆயுள்.

சினிமா ரசிகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களைத் திட்டித்தான் பத்திரிகைகளில் எழுதுவது வழக்கம். 2023 அக்டோபர் 19 அன்று ‘லியோ’ வெளியானது. கேரளத்தில் விடிகாலை 4 மணிக்கே முதல் காட்சி. தமிழ்நாட்டில் 9 மணிக்கு மேல்தான். அந்த ஆண்டு ஜனவரியில் சென்னையில் ஒரு பட வெளியீட்டுக் கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தபின் அங்கே அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. அந்தக் கட்டுப்பாடு சரியானது என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதன் விளைவு எங்கள் ரோட்டில் தெரிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன்கள் நடுராத்திரியிலிருந்தே வண்டி வண்டியாக இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் பக்கம் கோயம்புத்தூர்க்காரர்கள் பாலக்காட்டுக்குப் போனார்கள். யோசித்துப் பாருங்கள்: அதே படம் சொந்த ஊரில் ஐந்து மணி நேரத்தில் வரப்போகிறது. இங்கே வந்தால் டிக்கெட்டில் ஒரு பைசா மிச்சமில்லை. பெட்ரோல் மேல்செலவு, தூக்கம் போச்சு, மறுநாள் காலேஜ் போச்சு. எங்கள் எல்லையின் சரித்திரத்திலேயே நஷ்டப்படுவதற்கென்று கூட்டமாகக் கடந்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கு எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. ‘பிரேமம்’ சென்னையில் 200 நாளைத் தாண்டி ஓடியது. 2024-ல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் வசூலித்த அளவுக்கு அதற்கு முன் எந்த மலையாளப் படமும் அங்கே வசூலித்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு, 1991-ல் வந்த ‘குணா’வைப் பார்த்திராத பிள்ளைகள் கொடைக்கானல் குகையைத் தேடிப் போனார்கள். இந்த எல்லை விழுந்ததற்கும் ஒரு கதை உண்டு. மொழிவாரி மாநிலம் பிரித்த 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது, அது கிடைக்கவில்லை. அந்தப் பழைய வழக்கை இப்போது யாரும் கிளறுவதில்லை. எல்லையைப் பற்றி எங்கள் பையன்களுக்கு இருக்கிற ஒரே புகார் காட்சி நேரம்தான்.

‘லியோ’ சமயத்தில் அக்கா மகன் ஒரு வேலை கொண்டுவந்தான். கட்-அவுட்டுக்கு மேலே படத்தின் பெயர் இரண்டு எழுத்திலும் ஓட வேண்டும், ஒருமுறை தமிழில், ஒருமுறை மலையாளத்தில். “மாமா, சிம்பிள் வேல, ஒரு ராத்திரி போதும்” என்றான். எங்கள் காலத்தில் ஓடும் விளக்கு என்றால் 555 டைமர் ஐசி ஒன்று, 4017 கவுன்ட்டர் ஒன்று, மீதி சீரியல் பல்புகள். கோயில் கொடையிலும் பள்ளித் திருவிழாவிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திலும் அந்த இரண்டு சில்லுகளை வைத்து நாங்கள் செய்யாத வித்தை இல்லை. இப்போது பி-10 என்று சொல்கிற எல்இடி பலகை, அதை ஆட்டுவிக்க விரல் நீளச் சர்க்யூட் போர்டு. ஆங்கில எழுத்து அழகாக ஓடியது. தமிழில் போட்டதும் ‘லி’ வந்தது, ‘ய’ வந்தது, அதற்கப்புறம் கொம்பும் காலும் ஒன்றாகத் திரண்டு அனாதையாகப் பின்னால் ஓடிவந்தன. சரி, மலையாளத்தைப் போடு என்றேன். அதே இடத்தில், அதே மாதிரி.

காரணம் எளிமையானது. ‘யோ’ என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. கம்ப்யூட்டர் நினைவில் முதலில் ‘ய’, பிறகுதான் ஓகாரக் குறி. காட்டும்போது அதைப் பிரித்து முன்னும் பின்னும் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். போனிலும் கம்ப்யூட்டரிலும் அது இருக்கிறது. மலிவான எல்இடி பலகைக்கு அது இல்லை. இடமிருந்து வலம் வரிசையாக எழுதுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். தமிழும் மலையாளமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்ததைப் பார்த்து மருமகன் தலையில் கைவைத்தான், நான் சிரித்துவிட்டேன். கடைசியில் இரண்டையும் எழுத்தாக அனுப்பாமல் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக ஏற்றினான். அந்த ராத்திரிகளில் அவன் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது. யாராவது பரீட்சைக்கென்று சொல்லிக்கொடுத்திருந்தால் பாதியிலேயே ஓடியிருப்பான். அவனை உட்கார வைத்தது நடிகர் மேல் உள்ள பைத்தியம். அந்தப் பைத்தியத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அதற்குள் எவ்வளவு ஈயம் உருகுகிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள் என்பதுதான்.

விளையாட்டு விஷயத்திலும் என் கட்சிக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. 2021-ல் கேரள அரசு ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. அதில் ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. இதற்கு நடுவில், எந்தப் பக்கத்து டவரில் போன் ஒட்டியிருந்தால் எது குற்றம் என்று எங்கள் ஊரில் வக்கீல்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. ஆனால் பப்ஜி ஆடிய பையன்கள் இருக்கிறார்களே, நாலு பேர் கொண்ட அணியில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். “எலே, கவர் குடுடே”, “நீ முன்னில் போடா, ஞான் நோக்காம்” என்று கலந்து கட்டிய ஒரு பேச்சு. அவர்களை யாரும் எந்த மாநிலம் என்று கேட்டதில்லை. பணம் நுழைந்த விளையாட்டுக்கு எல்லை வந்துவிடுகிறது. பணம் நுழையாததற்கு எல்லை இல்லை. பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் முதலாவதுதான். இரண்டாவதில் தூக்கம்தான் கெடும்.

இனி என் சொந்தப் பைத்தியம். லேப்டாப்பில் டிவி பார்ப்பதற்கென்று ஐரோப்பாவில் விற்ற மலிவான யுஎஸ்பி டாங்கிள் ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் சில்லு, வாங்குகிற அலையைச் சமைக்காமல் பச்சையாகவே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் என்பதை 2012 வாக்கில் சில பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சாதாரண மனிதன் சில ஆயிரம் ரூபாயில் வானொலி, விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் கேட்கலாம் என்றாயிற்று. இதற்கு முன்பு அது லட்சங்களில் இருந்த சமாச்சாரம்.

அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டிருந்தன. கீழே தெரிவதை அப்படியே 137 மெகாஹெர்ட்ஸில், எந்தப் பூட்டும் இல்லாமல், வழிநெடுக ஒலியாகச் சொல்லிக்கொண்டே போகும். பழைய கடிகாரம் ஓடுகிற சத்தம், நொடிக்கு இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டும் படத்தின் ஒரு வரி. அதைப் பிடிக்க வேண்டிய ஆன்டெனா இரண்டே இரண்டு கம்பி, ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நடுவில் 120 டிகிரி கோணம், தரைக்கு இணையாகப் படுக்க வைத்து வடக்கு தெற்காக வைக்க வேண்டும். என் கடைக்குப் பின்னால், கேபிளும் டிஷ்ஷும் வந்தபோது கூரைகளிலிருந்து இறக்கிப் போட்ட தூர்தர்ஷன் ஆன்டெனாக்கள் குவிந்து கிடந்தன. அதில் இரண்டு அலுமினியக் குழாயை உருவி வெட்டினால் வேலை முடிந்தது. செயற்கைக்கோள் தெற்கே கடலுக்கு மேல் எழும்பும்போது இரைச்சலுக்குள் அந்தத் தட்டு மெல்லக் கேட்கத் தொடங்கும். தலைக்கு மேல் வரும்போது கணீரென்று ஆகும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வடக்கே மங்கும். அதற்குள் திரையில் வரி வரியாக இலங்கை, மன்னார் வளைகுடா, கேரளக் கரை, தக்காணம்.

ஜூன் மாதப் படம் எனக்குப் பிடித்தது. தென்மேற்குப் பருவமழை மேகம் மலையில் முட்டி மேற்கே திரண்டு நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் கிழக்கே வெறும் வானம். எல்லை என்று ஒன்று உண்டென்றால் அந்தப் படத்தில் இருப்பதுதான். அதன்படி பார்த்தால் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மேகத்துக்குக் கீழே இருக்கின்றன. படம் தீட்டுகிற மென்பொருளில் கரையும் எல்லையும் கோடாக வரைந்து தருகிற வசதி உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நான் கரைக்கோட்டை மட்டும் வைத்துக்கொள்வேன்.

2025-ல் அவை மூன்றும் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. ஜூனில் நோவா-18, ஆகஸ்டில் நோவா-19, சில நாள்களில் நோவா-15. கடைசியாகச் சொன்னது 1998-ல் மேலே போனது. என் கடையில் இருக்கிற எந்தச் செட்டையும்விட அதிக நாள் உழைத்தது. அது ஓய்ந்த அன்றைக்கு உலகம் முழுக்க மொட்டை மாடிகளில் ஆள்கள் காது வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அதில் ஒரு கூரை இஞ்சிவிளைப் பக்கத்தில். வீட்டுக்காரியிடம் சொன்னேன், “நமக்கு அது என்ன உறவு?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ரஷ்யாவின் மீட்டியோர் கோள்கள் இப்போதும் அதே அலைவரிசைப் பக்கத்தில் படம் தருகின்றன, இன்னும் துல்லியமாக. ஆனால் அது டிஜிட்டல். காதுக்கு வெறும் இரைச்சல். படம் மேல், பாட்டு இல்லை.

மற்றவையும் வரும். திருவனந்தபுரத்தில் இறங்குகிற வளைகுடா விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் உயரத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே வரும். 2025 ஜூன் 14-ல் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர்விமானம் அங்கே இறங்கிக் கோளாறாகி, ஜூலை 22 வரை நகரவில்லை. கேரளச் சுற்றுலாத் துறையே அதைக் கிண்டல் செய்து விளம்பரம் போட்டது. அப்போது, “உன் மெஷினில் அது தெரியுதா?” என்று கேட்டு வந்தவர்களின் தொல்லையில் எனக்குக் கடை நடத்த முடியவில்லை. அணைத்துப் போட்ட விமானம் எதுவும் பேசாது என்று சொல்லிச் சொல்லி அலுத்தேன். அதே ஜூன் 9-ஆம் தேதி, கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி இரினா கப்பல் விழிஞ்ஞத்துக்கு வந்தது. உலகத்தின் மிகப் பெரிய சரக்குப் பெட்டிக் கப்பல்களில் ஒன்று. அதன் பெயர் 162 மெகாஹெர்ட்ஸில் என் திரையில் விழுந்தபோது கடையில் ஒரு மிக்ஸி பிரித்துக் கிடந்தது. மிக்ஸிக்காரர் காத்திருந்தார். பொறுமைசாலி.

இந்த மண்ணுக்கு வானம் பார்க்கிற பழக்கம் புதிதல்ல. 1963 நவம்பர் 21 அன்று மாலை தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் போனது. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி, அதன் தலையில் பிரெஞ்சுக்காரர்களின் சோடியம். அது மேலே பரவி அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகமாக நின்றதைத் தென் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆள்கள் பார்த்தார்கள். எங்கள் அப்பா மரச்சீனி விளையில் நின்று பார்த்ததாகச் சொல்வார். உலக முடிவு என்று சிலர் ஜெபம் சொன்னார்களாம். அப்பா அதிலிருந்து ஒன்றும் விஞ்ஞானி ஆகவில்லை. சாகும்வரை மரச்சீனிதான் நட்டார். ஆனால் அந்த நிறத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மாறும்.

இப்போது என் மனக்குறை. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருவிகள் கொடுப்பதில் குறை சொல்ல முடியாது. கைட் நிறுவனத்தின் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் 2018-லிருந்து இயங்குகின்றன. 2025 ஜூனில் பத்தாம் வகுப்பு முழுவதற்கும், நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ரோபோட்டிக்ஸ் பாடமாகவே வந்துவிட்டது. 29,000 கிட் பள்ளிகளுக்குப் போனது. பாடப்புத்தகம் தமிழிலும் கன்னடத்திலும்கூட இருக்கிறது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ அரசுப் பள்ளிகளில் கையால் சோதனை செய்ய வைக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் நல்ல காரியம் நடக்கிறது. என்னிடம் பழைய ஸ்பீக்கரும் மோட்டாரும் கேட்டு வருகிற பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள்.

ஆனால் வருகிற பிள்ளை முதலில் சொல்வது, “அங்கிள், இது சாஸ்திர மேளைக்கு.” பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்று அர்த்தம். அல்லது, “கிரேஸ் மார்க் உண்டு.” பார்வையற்றவருக்குச் சத்தம் போடும் கைத்தடி, தானாகத் திறக்கும் குப்பைத் தொட்டி, தீப்பிடித்தால் அலாரம். திரும்பத் திரும்ப இந்த மூன்றும்தான். சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். பதினான்கு வயதுப் பிள்ளை சமூகத்துக்கு எதற்கு இவ்வளவு அவசரமாகப் பயன்பட வேண்டும்? எந்தப் பயனும் இல்லாமல், கொசு பறந்தால் நடிகர் வசனம் பேசுகிற ஒரு பெட்டியைச் செய்துகொண்டு ஒரு பிள்ளை வந்தால் கடையில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொடுப்பேன். மேளை முடிந்ததும் கைத்தடி மூலையில் கிடக்கும், பேட்டரி கசிந்து போர்டு பச்சை பிடிக்கும். மார்க் வந்துவிட்டது, கதை முடிந்தது. ரோமிங் ஒழிந்ததும் பாட்டிமார் மறந்த மாதிரிதான். அந்தப் பக்கமும் இதே நிலைதான், அங்கே கேள்வி, “இதுல வேலை கிடைக்குமா அங்கிள்?” என்று வரும்.

பொழுதுபோக்குக்காரர்கள் இதற்கு வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: பேரிடரில் உதவும். ஹாம் ரேடியோக்காரர்கள் வெள்ளத்திலும் புயலிலும் செய்தி கடத்தினார்கள், ஆகவே எங்களை மதியுங்கள் என்பது. உண்மைதான், செய்தார்கள். ஆனால் அந்த வாதத்தை எடுக்க எனக்கு நாக்கு வருவதில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது பொழியூர், பூவாறு, அந்தப் பக்கம் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்று ஒரே கடற்கரை முழுவதும் ஆழ்கடலில் ஆள்கள் இருந்தார்கள். அவர்கள் படகில் இருந்த வயர்லெஸ் செட் கரையோடு பேசுகிற தூரம் சில பத்துக் கிலோமீட்டர். அவர்கள் இருந்தது அதற்கு வெகு அப்பால். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் நாவிக் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. கடலில் இருப்பவனுக்குப் புயல் செய்தி சொல்வது அரசாங்கத்தின் கடமை. அதற்கு மொட்டை மாடியில் கம்பி கட்டுகிறவன் ஈடாக மாட்டான். என் விளையாட்டுக்கு நியாயம் தேடுவதற்காக அந்த வீடுகளின் துக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பொழுதுபோக்கு பயனற்றது என்றே இருக்கட்டும். பயனற்றதாக இருக்க அதற்கு உரிமை வேண்டும் என்பதுதான் வழக்கு.

அதற்கு வேண்டியது அதிகமில்லை. கேரளத்தில் ஊருக்கு ஊர் கிரந்தசாலை இருக்கிறது. பி.என். பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களைக் கூட்டி அம்பலப்புழையில் தொடங்கிய சங்கத்தின் வழிவந்தவை. பத்திரிகை மேசை, கேரம் போர்டு, கட்சிப் பேச்சு எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. கேரம் ஆடுகிறவனிடம் அதனால் சமூகத்துக்கு என்ன பயன் என்று யாரும் கேட்டதில்லை. அதே அறையில் இன்னொரு மேசை போடலாமே. ஒரு சால்டரிங் அயன், ஈயம், மல்டிமீட்டர், என் கடையில் கழித்துப் போட்ட போர்டுகள் ஒரு பெட்டி, இரண்டு அலுமினியக் கம்பி. போட்டி கிடையாது, சான்றிதழ் கிடையாது, திறப்பு விழாவுக்கு எம்எல்ஏ வேண்டாம். களியக்காவிளையிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தால் ஆதார் கேட்கக் கூடாது. மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறான், எழுத்து தடுக்கி விழாத ஒரு பலகை செய்யப்போகிறானாம்.

எங்கள் பக்கத்துக் கிரந்தசாலை ஒன்றின் செயலாளரிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். கமிட்டியில் வைத்துப் பேசிவிட்டு வந்தார்.

“மேசை தரலாம். ஆனா கரண்ட் பில்லு கூடுமேன்னு டிரஷரர் பயப்படுகார்.”

“சார், அது 25 வாட் அயன்” என்றேன். “நாப்பது மணிக்கூறு விடாம எரிஞ்சாத்தான் ஒரு யூனிட். உங்க ஹாலுல ஆள் இல்லாம சுத்துற பழைய ஃபேன் ஒண்ணு போதும், மூணு அயனுக்கு.”

அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடியும் கூடுகிறது.